ரசம், கூழ், களி, கொழுக்கட்டை

ஜூன் 3, செவ்வாய்

நாய்க்குட்டி என்ன தின்றது, அதற்குப் பின்னால் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டாள் டாக்டரம்மா.

"நோட்டெல்லாம் எதுக்குக் கண்ணு, எனக்கு எல்லாம் மண்டையிலயே நிக்கும்" என்றேன்.

"உங்க மண்டைல நிக்கறத நான் படிக்க முடியாதுங்களே அம்மா" என்று சிரித்தாள். பெயர் நிலோபர். முப்பது வயது இருக்காது. முதல் நாளே இப்படிப் பேசியிருக்கிறாள். ஞாபகம் வைத்திருக்கிறேன்.

என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் தினமும் பேப்பரை முதல் எழுத்திலிருந்து அச்சடித்தவன் விலாசம் வரைக்கும் படிக்கிறவள் நான். எழுத்து கோணல், ஞாபகம் கோணாது. என் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் யார் என் தங்கச்சிக்கு வடை வைக்காமல் தாண்டிப் போனார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். இரண்டாம் பந்தி. பெரியண்ணன் சம்சாரம்.

பேத்தி நேத்ராவுடைய போன வருஷத்துக் கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் வெறும் பக்கம். அதில் எழுதுகிறேன்.

குட்டி வந்து ஐந்து நாள் ஆகிறது. பிறந்து ஐம்பத்திரண்டு நாள். நேத்ரா ஒரு வருஷம் அழுது வாங்கியது. மஞ்சளாக இருக்கிறதாம், கேசரி என்று பேர் வைத்துவிட்டாள். முதல் மூன்று நாளும் வீட்டில் ஆளாளுக்குப் பாலில் பன்னைப் பிய்த்துப் போட்டோம். நாய்க்குட்டி என்றால் பால்தானே? நான்காம் நாளிலிருந்து வயிற்றால் போகிறது. பெரிய வியாதி ஒன்றும் இல்லை என்று சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. எடை மூன்று கிலோ நூறு.

டாக்டரம்மா சொன்னது: பால், தயிர், பிஸ்கட் எதுவும் கூடாது. எலும்பும் தோலும் இல்லாத கோழிக்கறியை உப்பு போடாமல் வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு நாலு வேளை. தொடர்ந்து நாலு நாள் கெட்டியாகப் போனால், அப்புறம் கடையில் விற்கிற உருண்டைத் தீனிக்கு மாற்ற வேண்டும். அதையும் எடுத்த எடுப்பில் மாற்றக் கூடாது. முதலில் மூன்று பங்கு சோறு, ஒரு பங்கு தீனி. பிறகு பாதிக்குப் பாதி. பிறகு ஒரு பங்கு சோறு. மருமகளை வீட்டுக்குள் பழக்குகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். மேனகா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

மேனகாதான் மருமகள். மகன் பூபதி. எட்டரை மணிக்கு இரண்டு பேரும் வேலைக்கும், நேத்ரா பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் இந்த முதல் மாடியில் நானும் அதுவும்தான். நாய் வளர்க்க வேண்டும் என்று கேட்டது யாரோ, வளர்க்கிறது யாரோ.

ஜூன் 4, புதன்

வெளியே போவதற்கு டாக்டரம்மா ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த நம்பர் எனக்குச் சரிப்படவில்லை. மூன்றுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று யார் கண்டது? நான் வேறு மாதிரி வைத்துக்கொண்டேன். தண்ணீராகப் போனால் ரசம். கொஞ்சம் கூடினால் கூழ். அதற்கு மேல் களி. உருவம் நின்றால் கொழுக்கட்டை.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன். பூபதி ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏனுங் அத்தை, இனி நாங்க இந்த வீட்ல எதையுமே சாப்பிட வேண்டாமுங்களா?" என்றாள் மேனகா.

நேத்ராவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இன்று நாலு வேளை கோழிச்சோறு. காலை ரசம், மாலை கூழ்.

ஜூன் 5, வியாழன்

களி. இரண்டு தடவை. நிறம் வெளிர் மஞ்சள்.

போவதற்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றுகிறது. எப்போதும் இடமிருந்து வலம். ஏன்? பூபதியைக் கேட்டேன், போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பூமியின் காந்தம் என்றான். இது பால்கனியில் சாக்கின் மேல் நின்று சுற்றுகிறது. காந்தம் மாடிக்குமா ஏறி வரும்?

ஜூன் 6, வெள்ளி

கொழுக்கட்டை! காலை ஆறு நாற்பதுக்கு. மேனகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்து பார்த்தாள்.

வீடு துடைத்தேன், விளக்குத் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை ஆனதால் கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோரும் புண்ணாக்குத் தண்ணீரும் ஊற்றினேன். செவ்வாயும் வெள்ளியும் ஊற்றுவது வழக்கம். மோர் ஊற்றினால் இலை கருகருவென்று வரும். கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து ஊற்றினால் வாசம் ஏறும். இந்தச் செடி பால்கனியில் பெயின்ட் வாளியில் நிற்கிறது. இடுப்பு உயரம் வந்துவிட்டது. இதற்கு முன்னால் வைத்த இரண்டும் பட்டுப்போயின. இது மூன்றாவது.

வாளியில் ஏன் வளர்க்க வேண்டும், கீழ்வீட்டில்தான் மரமே இருக்கிறதே என்று எல்லாரும் கேட்பார்கள். கீழ்வீட்டுத் தனபாக்கியத்திடம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஈர்க்கு கேட்டேன். மேலே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. "தினமும் ஒடிச்சா மரம் மொட்டையாப் போயிருமுங்க அக்கா" என்றாள். கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் போட்டிருந்த சட்டை நீலக் கட்டம். அன்றைக்கு முடிவு செய்தேன், செத்தாலும் அந்த வாசலில் இலை கேட்பதில்லை என்று. அவளோடு பேச்சும் இல்லை.

மாலை: கொழுக்கட்டை, கொஞ்சம் தளர்வு.

ஜூன் 7, சனி

ரசம். ஐந்து தடவை. ஒரே நாளில் எப்படி இப்படி ஆகும்? கோழி நேற்று வாங்கிய அதே கோழி. சோறு அதே அரிசி. பாத்திரம் சுடுதண்ணீரில் கழுவியது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கூழ். எல்லாரும் வீட்டில். இது நேத்ராவின் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. வயிறு சரியில்லாத பிராணிக்கு இவ்வளவு தெம்பு எங்கிருந்து வருகிறது?

ஜூன் 9, திங்கள்

காலை களி, மாலை களி. கோழிச்சோறு நாலு வேளையும் மிச்சம் இல்லை. சாப்பிட்டதும் வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறது. காலை நகர்த்தினால் எழுந்துவிடும். அதனால் துவரம்பருப்பை உட்கார்ந்த இடத்திலேயே புடைத்தேன். நாய் எனக்கு ஒன்றும் பிடிக்காது. குழந்தைக்காகத்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கொழுக்கட்டை, கொழுக்கட்டை. நேத்ரா நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

பாகற்காய் வற்றல் போட்டேன். செடிக்கு மோரும் புண்ணாக்கும் ஊற்றினேன். துளிர் ஏழு விட்டிருக்கிறது. கீழே தனபாக்கியத்தின் மரத்தில் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்திருப்பதை மேலிருந்து பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து ரசம். எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பத்தரைக்கு வாந்தி. பதினொன்றுக்குக் கூப்பிட்டால் வாலைக்கூட ஆட்டவில்லை. பூபதிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மேனகா எடுத்தாள். "அத்தை, நீங்க துண்டுல சுத்தி ஆட்டோவுல ஏத்திட்டுப் போங்க, நான் நேரா அங்க வந்தர்றேன்" என்றாள். வந்தும் விட்டாள்.

ஆஸ்பத்திரியில் முன்னங்காலில் மயிரை மழித்து ஊசி குத்தி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். எடை இரண்டு கிலோ எழுநூறு. எட்டு நாளில் நானூறு கிராம் போய்விட்டது. ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மருந்து நெடி அதிகம். கண் கலங்கினது அதனால்தான். மேனகா பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினாள். சாப்பாட்டு வரிகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இதத் தவிர வேற ஏதாச்சும் உள்ள போகுதுங்களா அம்மா? தரையில கிடக்கறது, யாராச்சும் குடுக்கறது?"

"என் கண்ணுல படாம ஒரு பருக்கை உள்ள போகாது" என்றேன்.

"அப்ப கோழியே ஒத்துக்கலையோ என்னமோ. கோழிய நிறுத்துங்க. முட்டை வெள்ளைக்கரு, வேகவெச்ச மஞ்சள் பூசணி, சோறு. பாப்போம். இன்னொரு தடவை இப்படி ஆனா இத்தனூண்டு உடம்பு தாங்காதுங்க அம்மா."

வீட்டுக்கு வந்ததும் பூபதி சொல்லிவிட்டான். "இன்னும் பத்து நாள் பாப்போம். ஆகலன்னா சிவகிரியில என்ற சிநேகிதன் தோட்டத்துல கொண்டுபோய் விட்டர்றேன். அங்க ஏற்கனவே நாலு நாய் இருக்குது. அதுகளோட அது பாத்துக்கும்." அங்கே இருக்கிறவை முழங்கால் உயரத்து நாய்கள். இந்த வயிற்றோடு இது அங்கே எத்தனை நாள் இருக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேத்ரா சாப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

பூசணி, வெள்ளைக்கரு, சோறு. கூழ், பிறகு களி. பூசணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அப்புறம் விரலையும் சேர்த்துச் சாப்பிட வந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

காலை களி, மாலை கொழுக்கட்டை. அப்படியானால் கோழிதான் குற்றவாளியா?

விளக்குத் தேய்த்தேன். தயிர் மிச்சம் நிறைய. கடைந்து, செடிக்கு ஒரு சொம்பு அதிகமாகவே ஊற்றினேன். புண்ணாக்கும்.

ஜூன் 14, சனி

ரசம்.

கோழியும் இல்லை, பாலும் இல்லை, பிறகு எப்படி? இன்று விடுவதில்லை என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளறிப் பார்த்தேன். சின்னச் சின்னதாகச் செம்பழுப்புத் தோல். கையில் எடுத்துத் தண்ணீரில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தேன். நிலக்கடலைத் தோல். எனக்குத் தெரியாதா, கடலைக்காட்டில் பிறந்தவளுக்கு?

வீட்டில் கடலை யாரிடம் இருக்கிறது? மேனகாவின் ஆபீஸ் பையில் கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும். மேனகாதான் கொடுக்கிறாள். எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு, என் கண்காணிப்பில் குற்றம் என்று ஆக்கப் பார்க்கிறாள். நிச்சயதார்த்தத்தன்று ஆறிப்போன காப்பியை என் கையில் கொடுத்தவள் இவளுடைய அம்மா. அந்த வளர்ப்பு.

நேராகவே கேட்டேன். "ஏம்மிணி, டாக்டரம்மா அத்தன சொல்லியும் அதுக்கு மிட்டாயக் குடுக்கறயே, கொல்லோணும்னா ஒரே நாள்ல கொன்னுரலாமே?"

போனில் அவள் அம்மா இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

மேனகா போனைத் திருப்பி வைத்தாள். "நான் குடுக்கலீங்க அத்தை."

"பின்ன அதுவே பையத் தொறந்து எடுத்துத் தின்னுச்சா?"

மேனகா பையைக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சீப்பு, குடை, பஸ் பாஸ், மாத்திரை அட்டை, கடலை மிட்டாய் இரண்டு. இரண்டும் பிரிக்காதது. மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

கூழ். மேனகா பேசவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலை களி, மாலை களி. மேனகா பேசவில்லை. பூபதி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "இந்த நாய் வந்து வீட்டு நிம்மதியே போச்சு. சனிக்கிழம காத்தால பதினோரு மணிக்குச் சிநேகிதன வரச் சொல்லிட்டேன். எனக்கு யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றான்.

நேத்ரா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பத்தா, தோட்டத்துல அதுக்குப் பூசணிய யாரு விரல்ல குடுப்பாங்க?" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

காலை கொழுக்கட்டை.

பத்து மணிக்குச் செடிக்கு ஊற்றலாம் என்று புண்ணாக்கு ஊறுகிற டப்பாவின் மூடியைத் திறந்தேன். சமையலறையில் என் புடவைக் கொசுவத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த கேசரி ஒரே தாவாகத் தாவி, வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினான். என்னிடம் இல்லை. பால்கனிக்கு. செடி வாளிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாலால் தரையைப் பெருக்கினான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்காருகிற மாதிரியே.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. டப்பாவை மேடை மேல் வைத்துவிட்டு, ஒன்றும் ஊற்றாமல், கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம் முன்னங்கால் இரண்டையும் வாளி விளிம்பில் வைத்து எக்கி, மண்ணைப் பறித்து நக்கினான். ஊற்றின இடத்தை மட்டும் தேடித் தேடி. வாளி ஓரத்தில் காய்ந்திருந்த பொருக்கைக் கடைவாயில் போட்டு மென்றான். வாளிக்கு அடியில் தண்ணீர் வடிகிற தட்டை நக்கி நக்கிக் கழுவினது போல் ஆக்கிவிட்டான். தினமும் மதியம் நான் பேப்பர் படிக்கிற நேரத்தில் பால்கனியில் சத்தமே வராது. தூங்குகிறான் என்று இருந்தேன்.

டப்பாவில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தேன். செம்பழுப்புத் தோல்.

செடிக்கு ஒன்றும் ஊற்றவில்லை. டப்பாவைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

டாக்டரம்மா நாய் தின்றதைத்தான் எழுதச் சொன்னாள். நான் கொடுத்தது செடிக்கு. ஆகையால் இதை எழுத வேண்டியதே இல்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்று மணிக்கு வாளியைப் படி வழியாக ஒவ்வொரு படியாக இறக்கினேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. கீழே துணி எடுக்க வந்த தனபாக்கியம் பார்த்துவிட்டாள்.

"ஏனுங் அக்கா, இத்தன வெயில்ல வாளியத் தூக்கிட்டு எங்க போறீங்க?"

ஒன்பது வருஷம் கழித்து முதல் பேச்சு. அவள் கேட்காமலே வந்து விளிம்பின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.

"எங்க வெக்கோணும்?"

"எங்கியாச்சும்."

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இறக்கினோம். இலையைத் தடவிப் பார்த்தாள். "எப்படி வளத்திருக்கீங்க அக்கா, எண்ண தடவுன மாதிரி மின்னுது. என்ற மரத்துல பாருங்க, ஒரே சீக்கு. அப்படி என்னதான் ஊத்துனீங்க?"

"தண்ணி" என்றேன்.

பேசினது இரண்டு வார்த்தை. சமாதானத்தில் சேர்த்தியில்லை.

ஜூன் 18, புதன்

கொழுக்கட்டை, கொழுக்கட்டை.

ஜூன் 19, வியாழன்

கொழுக்கட்டை. மூன்று சுற்று, இடமிருந்து வலம். பால்கனியில் வாளி இருந்த வட்டத்தை மோந்து மோந்து பார்க்கிறான். மேனகா இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறாள். செடி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

கொழுக்கட்டை. மாலை பூபதியிடம், "மூணு நாளா நல்லாருக்கறான், தெரியுமா?" என்றேன். "போன தடவையும் இப்படித்தானே இருந்துச்சு. நல்லாருக்குதேன்னு நெனச்ச மறுநாளே படுத்துக்குச்சு. எனக்கு இன்னொரு தடவை அந்தக் குளுக்கோஸ் பாட்டிலப் பாக்க முடியாதும்மா" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். இனி வராது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால்?

கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

காலை கொழுக்கட்டை. ஒன்பது மணிக்கு நேத்ரா கேசரியின் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். நாலாக மடிப்பது, பிரிப்பது, மறுபடியும் மடிப்பது. அவன் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒரு முனையைக் கவ்வி இழுத்தான். குழந்தை அழுதுகொண்டே சிரித்தது.

"பூபதி, அவன அனுப்ப வேண்டாம். இனி வயித்தால போகாது" என்றேன்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்."

"அதான் எப்படி?"

மேனகா தோசைக் கல்லின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கரண்டி சத்தம் நின்றுவிட்டது.

"நாந்தான் காரணம்" என்றேன். "மோரும் புண்ணாக்கும் செடிக்கு ஊத்துனேன். அவன் அந்த மண்ணத் தின்னுட்டு இருந்திருக்கறான். செவ்வாக்கெழமதான் பாத்தேன். வாளியக் கீழ எறக்கிட்டேன். மேனகா ஒண்ணும் குடுக்கல."

பூபதி சிரித்தான். கோபச் சிரிப்புக்கூட இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற மாதிரி.

"அம்மா, நாப்பத்தி மூணு வருசமா உங்க வாயில 'நாந்தான் தப்பு'ன்னு நான் கேட்டதே இல்ல. அப்பாகிட்டயும் சொன்னதில்ல, அத்தைககிட்டயும் சொன்னதில்ல. இப்ப நாய் போகக் கூடாதுன்னு நீங்களா ஒண்ணக் கட்டிச் சொல்றீங்க. பாசம் வெச்சுட்டீங்க, புரியுதும்மா. ஆனா அது செத்துப்போச்சுன்னா நேத்ரா தாங்க மாட்டா."

பொய்யை நம்பாமல் போனால் பரவாயில்லை. என் மகன் உண்மையைப் பொய் என்கிறான். காலை ஒன்பது இருபது. இதையும் ஞாபகம் வைத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. எழுபத்தொரு வயதில் முதல் தடவையாகச் சொன்னதை ஒருவன் எதை வைத்து நம்புவான்?

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். பூபதியிடம் கொடுக்கவில்லை. அவன் மேலோட்டமாகப் படிக்கிறவன். மேனகாவிடம் நீட்டினேன். இவளுக்கு ரசீதின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிற குணம். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே படித்தாள். பதினான்காம் தேதிப் பக்கத்தில் நிறுத்தினாள். அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மாவின் காப்பி வரைக்கும் இருக்கிறது. நோட்டை மூடிவிட்டு, "போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு என்மேல் உள்ள கணக்கு தீர்ந்துவிடும். அவள் இடத்தில் நான் இருந்தால் மூடியிருப்பேன்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். முடிவு வரை போனாள். மறுபடி முன்னால் வந்தாள். நேத்ராவின் பென்சிலை வாங்கிச் சில வரிகளுக்குக் கீழே கோடு போட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. ஆறாந் தேதி, வெள்ளி. செடிக்கு மோர், புண்ணாக்கு. ஏழு, ரசம். பத்து, செவ்வாய். செடிக்கு மோர், புண்ணாக்கு. பதினொண்ணு, ரசம், குளுக்கோஸ். பதிமூணு, வெள்ளி. மோர் ஒரு சொம்பு அதிகம். பதினாலு, ரசம். பதினேழு, செவ்வாய். ஒண்ணும் ஊத்தல. பதினெட்டு..."

"கொழுக்கட்டை!" என்று கத்தினாள் நேத்ரா.

"அத்தை அன்னன்னிக்கே எழுதிருக்கறாங்க. எழுதுனது அவங்களுக்கே தெரியல. கட்டுன கதைன்னா ஆறாந் தேதியே எதுக்கு எழுதறாங்க? நாங்கூட அந்த வாளியத் தினமும் தாண்டித்தான் துணி காயப்போடறேன். பாக்கலியே."

பூபதி நோட்டை வாங்கி அவனும் ஒரு தடவை பார்த்தான். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "புளிச்ச மோரு, ஊறி நாறுன புண்ணாக்கு, மண்ணு... இந்த வயசுக் குட்டிக்கு இது போதுமுங்களே. நான் சாப்பாட்டு வரிய மட்டும் படிச்சேன், செடி வரிய விட்டுட்டேன். அது என் தப்பு. அனுப்பாதீங்க சார்" என்றாள்.

தப்பு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! மூச்சுக்கூட இழுக்கவில்லை. எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்குப் பூபதி சிநேகிதனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றான். கேசரி அதற்குள் துண்டைக் கிழித்துவிட்டிருந்தான்.

மதியம் மேனகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, ஒரு நாள் ரஸ்க் குடுத்தேனுங்க. எட்டாந் தேதி. பாதி. மூஞ்சியப் பாத்துட்டே நின்னான், மனசு கேக்கல."

பார்த்தாயா! எட்டாம் தேதிக்கு எதிரில் "ரஸ்க், பாதி, மேனகா" என்று எழுதிக்கொண்டேன். அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தொடர்ந்து நாலு நாள் கெட்டி என்ற கணக்கு நேற்றோடு முடிந்தது. டாக்டரம்மா சொன்னபடி இன்று தீனி ஆரம்பம். காலை ஏழு மணி: பூசணிச் சோறு மூன்று பங்கு, வெந்நீரில் ஊறவைத்த தீனி ஒரு பங்கு. முதலில் சோற்றை மட்டும் பொறுக்கித் தின்று, உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக எடுத்து வைத்தான். எதற்கு வைக்கிறான் என்று நானும் நேத்ராவும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு வரிசையில் இருந்து ஒவ்வொன்றாகத் தின்றான். கடைசிதான் முதலில்.

பத்து மணிக்கு மேனகா நோட்டோடு வந்தாள். "நாளைக்கு இவனக் காட்டப் போறப்ப டாக்டரம்மா இந்தத் தடவ ஒரு வரி விடாமப் படிப்பாங்க அத்தை. பதினாலாந் தேதில என்ற பேரு இருக்குது. அத அடிச்சுருங்க."

எழுதினதை அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மண்டையில் இருப்பதிலேயே ஒரு வரிகூட இதுவரை அடித்ததில்லை. பென்சிலைக் கேட்டு வாங்கி, 'மேனகாதான் கொடுக்கிறாள்' என்பதற்குப் பக்கத்தில் கிடந்த கொஞ்சம் இடத்தில் 'இவள் இல்லை, நான்' என்று எழுதினேன். இடம் போதவில்லை. 'நான்' அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. அவள் படித்துவிட்டு, "காப்பிய அப்படியே விட்டுட்டீங்க" என்றாள்.

"அது ஆறித்தான் இருந்துச்சு" என்றேன்.

மதியம் ஒரு மணி: மூன்று பங்கு சோறு, ஒரு பங்கு தீனி. மிச்சம் இல்லை.

மாலை நாலு மணி: கொழுக்கட்டை. மேனகா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் எழுந்து போய்ச் சரிபார்க்கவில்லை.